அன்பும் பத்திரமும்

புது வீட்டில் குடி புகுகிறவர்கள் நல்ல நாள் பார்க்கிறார்கள். பால் காய்ச்சுகிறார்கள். சாமான் வண்டிக்காரனுடன் அரை மணி நேரம் வாடகை பேசுகிறார்கள். சுவாமி படம் எந்த மூலையில், அரிசிப் பானை எந்த மூலையில் என்று யோசிக்காதவர்கள் இல்லை. ஆனால் வாடகைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்பவர்களைக் காண்பது அரிது. கலியாணமான தம்பதிகள் இதைக் கேட்காமல் இருந்துவிட்டால் அவ்வளவு நஷ்டமில்லை. அவர்கள் எழுத மறந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் சட்டம் முன்னதாகவே எழுதி வைத்திருக்கிறது. கலியாணம் செய்து கொள்ளாமலே ஒரே வீட்டில் வாழத் தொடங்கும் ஆணும் பெண்ணும் கேட்காமல் இருந்துவிட்டாலோ, பின்னால் கேட்க வேண்டிய இடம் கோர்ட்டுத்தான்.

"இது என்ன விபரீதம்! குடும்பப் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா இது?" என்று சில பெரியவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பது நமக்குத் தெரிகிறது. இத்தகைய வாழ்க்கை நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இது நடக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் அந்த நகரங்களில்தான் உத்தியோகம் பார்க்கிறார்கள். ஆற்றில் குளிக்கப் போகாதே என்று சொல்வது ஒரு கடமை. போகிறவர்களுக்குச் சுழல் இருக்கும் இடத்தைக் காட்டுவது இன்னொரு கடமை. இங்கே நாம் செய்யப் போவது இரண்டாவது.

வயது வந்த ஆணும் பெண்ணும் மனமொத்துச் சேர்ந்து வாழ்வது குற்றமன்று என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ஆம் ஆண்டிலே தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைக் கேள்விப்பட்ட பலர், "சட்டம் நம் பக்கம் இருக்கிறது" என்று எண்ணிக் கொள்கிறார்கள். குற்றமில்லை என்பது வேறு. உரிமை உண்டு என்பது வேறு. தெருவில் நடப்பது குற்றமில்லைதான். அதனால் தெருவிலுள்ள வீடு நமக்குச் சொந்தமாகிவிடுமா?

பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த இருவருடைய கதையைக் கேளுங்கள். அவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அந்தப் பெண்மணிக்கு அது தெரியும். தெரிந்தே, 1992-ல் உத்தியோகத்தை விட்டுவிட்டு அவருடன் வாழத் தொடங்கினாள். பல வருஷங்கள் கழித்து அவர் விலகிப் போனார். மாஜிஸ்திரேட்டுக் கோர்ட்டு அவளுக்கு மாதம் 18,000 ரூபாய் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லிற்று. ஹைக்கோர்ட்டு அதை ரத்து செய்தது. 2013 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ரத்து செய்ததே சரி என்றது. ஒருவருக்கு மனைவி இருக்கிறாள் என்று தெரிந்தே அவருடன் வாழ்ந்த வாழ்க்கை கலியாணத்தின் தன்மையுடையதாகாது. இவளுக்குக் கொடுத்தால் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அநீதியாகும் என்பது நீதிபதிகளின் நியாயம். இத்தகைய பெண்களின் நிலைமையைப் பார்லிமெண்டு கவனிக்க வேண்டும் என்றும் அவர்கள் எழுதினார்கள். ஆனால் அந்த வாக்கியத்தைக் கொண்டு அந்த அம்மாள் ஒரு படி அரிசி கூட வாங்க முடியாது.

குடும்ப வன்முறையினின்றும் பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபரில் அமுலுக்கு வந்தது. 'கலியாணத்தின் தன்மையுடைய உறவு' என்று ஒரு சொற்றொடரை அது நம் சட்டத்தில் சேர்த்தது. அத்தகைய உறவில் உள்ள பெண்ணை அடித்தாலும், வீட்டை விட்டு விரட்டினாலும் அவள் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். குடியிருக்கும் உரிமையும் பண உதவியும் கேட்கலாம். எது அத்தகைய உறவு? நம் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு நான்கு நிபந்தனைகள் விதித்தது. இருவரும் ஊரறியத் தம்பதிகளைப் போல் வாழ்ந்திருக்க வேண்டும். சட்டப்படி கலியாண வயது வந்திருக்க வேண்டும். இருவரும் கலியாணத்துக்குத் தகுதியுள்ளவர்களாக, அதாவது வேறு மனைவியோ கணவனோ இல்லாதவர்களாக இருக்க வேண்டும். தாமே விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வாரக் கடைசியில் வந்து போவது போதாது என்றும் கோர்ட்டு சொல்லிற்று. ஒன்றை மறக்கக் கூடாது: குடியிருக்கும் உரிமை வேறு, சொந்தம் வேறு. இந்தச் சட்டத்தால் வீடு அவள் பெயருக்கு மாறிவிடாது.

"நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தால் கலியாணமானதாகவே அர்த்தம் என்கிறார்களே?" என்று ஒருவர் கேட்கலாம். அதில் பாதி உண்மை உண்டு. இலங்கையிலிருந்து போன ஒரு வழக்கில் 1927-ல் லண்டன் பிரிவி கௌன்சில், ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தது ருசுவானால், மாறாக நிரூபிக்கப்படும் வரையில் முறையான கலியாணம் நடந்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்றது. சுதந்திர இந்தியாவின் கோர்ட்டுகளும் அதையே பின்பற்றின. சுமார் 50 வருஷம் கணவன் மனைவியாக வாழ்ந்த இருவரின் கலியாணத்தைச் சந்தேகிக்க, 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் இடங்கொடுக்கவில்லை. 2022-ல் கேரளத்திலிருந்து வந்த ஒரு பாக வழக்கில், இப்படி நெடுங்காலம் வாழ்ந்தவர்களின் மகனுக்குச் சொத்தில் பங்கும் கிடைத்தது. ஆனால் இந்த அனுமானம் தம்மைத் தம்பதிகள் என்று சொல்லிக் கொண்டவர்களுக்கே துணை நிற்கும். "நாங்கள் கலியாணம் செய்து கொள்ளவில்லை, அதில் எங்களுக்கு நம்பிக்கையும் இல்லை" என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்கள், பிறகு அந்தக் கதவைத் தட்டினால் திறக்காது.

இனிப் பண விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் சுழல் ஆழம்.

ஒருவர் தம் பணத்தைப் போட்டு, துணையின் பெயரில் மனை வாங்குகிறார். மனைவி பெயரில் கணவனோ, கணவன் பெயரில் மனைவியோ கணக்குள்ள பணத்தைக் கொண்டு வாங்கினால் பினாமிச் சட்டம் குறுக்கே வராது. 1988-ஆம் வருஷத்து அச்சட்டத்தில் தம்பதிகளுக்கு விலக்கு உண்டு; கலியாணமாகாத துணைக்கு அந்த விலக்கு இல்லை. உறவு முறிந்த பிறகு, "பணம் என்னுடையது, மனையைக் கொடு" என்று வழக்காடவும் அந்தச் சட்டமே தடையாக நிற்கும். ஆகையால் இருவரும் பணம் போட்டால் கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும், அவரவர் பங்கும் இருக்கட்டும். பணம் வங்கி மூலமாகவே போகட்டும்.

தானம் கொடுத்தாலோ? கணவன் மனைவிக்குக் கொடுப்பதற்கு, வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. துணை என்பவர் வரிச் சட்டத்தில் உறவினர் அல்ல. ஒரு வருஷத்தில் இப்படிப் பிறரிடமிருந்து வரும் பணம் 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால், வாங்கியவருக்கு அது முழுவதும் வருமானமாகக் கணக்கிடப்படும். சட்டத்தின் கண்ணில் பல வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவரும் அடுத்த தெருக்காரரும் ஒன்றுதான்.

கடனில் மட்டும் சட்டத்துக்குப் பாரபட்சம் கிடையாது. இருவரும் கையெழுத்திட்ட கடனுக்கு ஒவ்வொருவரும் முழுத் தொகைக்குப் பொறுப்பாளி. ஜாமீன் போட்டவரும் அப்படியே. ஒருவர் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்பது பாங்கிக்காரருக்குச் சம்பந்தமில்லாத செய்தி.

எல்லாவற்றிலும் பெரியது மரணம். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசு உரிமைச் சட்டம் யார் யாருக்குச் சொத்துப் போகும் என்று நீண்ட ஜாபிதா தருகிறது. அதில் தூரத்து உறவினர் கூட உண்டு, துணைவர் இல்லை. உயிலின்றி ஒருவர் இறந்தால், கடைசி வரையில் மருந்து கொடுத்தவர் வாசலில் நிற்க, காணாத உறவினர் சாவியை வாங்கிக் கொள்ளலாம். பாங்கிக் கணக்கில் துணையை நியமனதாரராகப் போட்டிருந்தாலும் போதாது. அவர் பணத்தைப் பெற்றுக் கொள்ளலாம்; அதைச் சட்டபூர்வமான வாரிசு வந்து கேட்க முடியும். இதற்கு மருந்து உயில் ஒன்றே. தாம் சம்பாதித்த சொத்தை யாருக்கும் எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும். ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை. செய்து வைத்தால் பிற்காலத்தில் தகராறு குறையும்.

உத்தரகண்டத்தில் 2025 ஜனவரி 27 முதல் அமுலுக்கு வந்த பொதுச் சிவில் சட்டம், இப்படி வாழ்பவர்கள் சர்க்காரிடம் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டது. தவறினால் தண்டனை, கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சம் கேட்க உரிமை. சர்க்கார் படுக்கையறை வரையில் வரலாமா என்று அதைக் குறை கூறுவோர் உண்டு. பெண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கிறதே என்று போற்றுவோரும் உண்டு. சர்க்கார் எழுதச் சொல்லும் வரையில் காத்திராமல் தாமே எழுதிக் கொள்கிறவர்களுக்கு இந்தச் சர்ச்சையால் பாதகமில்லை.

என்ன எழுதுவது? வாடகைப் பத்திரத்தில் இருவர் பெயரும் வேண்டும். முன்பணத்தில் யார் பங்கு எவ்வளவு, எந்தச் சாமான் யாருடையது, மாதச் செலவு எப்படி, பிரிந்தால் எத்தனை நாளில் கணக்குத் தீர்ப்பது என்று ஒரு காகிதம் வேண்டும். அந்த ஒப்பந்தம் பணத்தையும் சாமானையும் பற்றியே இருக்கட்டும். "என்னுடன் வாழ்வதற்காக இவ்வளவு தருகிறேன்" என்று எழுதினால், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி ஒழுக்கத்துக்கு விரோதமானது என்று கோர்ட்டு தள்ளிவிடக் கூடும். பெண்களுக்கு ஒரு வார்த்தை தனியாக: உத்தியோகத்தை விடுவதற்கு முன் நூறு முறை யோசியுங்கள். பெங்களூர் அம்மாள் இழந்தவற்றில் முதலாவது அதுதான்.

"அன்புள்ள இடத்தில் பத்திரம் எதற்கு?" என்பார்கள். நம் தேசத்து மக்களிடையே அன்புக்கா குறைவு? ஆயினும் தலைவர்கள் 1946 டிசம்பர் முதல் 1949 நவம்பர் வரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் உரிமையையும் வரிவரியாக எழுதி வைத்தார்கள். அன்பு குறையும் நாளிலும் நியாயம் குறையக் கூடாதே என்பதற்காகத்தான் எழுதினார்கள்.

ஊருக்குப் புறப்படுகிற பெண்ணிடம் தாயார் வாசல் வரையில் வந்து, "பத்திரம், அம்மா!" என்கிறாள். ரிஜிஸ்தர் ஆபீஸில் எழுதிக் கொடுப்பதும் பத்திரந்தான். நம் பெரியவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது நல்லதாயிற்று.