தனியார் மிருகக்காட்சி சாலைகள்: உரிமையும் பொறுப்பும்

மும்பை மாநகரின் வடாலா, மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் விலங்குகளைக் காண வழக்கமாகச் செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, பைகுல்லாவில் உள்ள ராணி பாக். 1862இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இத்தோட்டம், வீரமாதா ஜிஜாபாய் போஸ்லே பூங்கா என்னும் பெயரில் மாநகராட்சியின் நிர்வாகத்தில் இயங்கி வருகிறது. மற்றொன்று, போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவினுள் சிங்கத்தையும் புலியையும் வண்டியில் சென்று காண்பதற்காக வனத்துறை அமைத்துள்ள சஃபாரி. இரண்டும் பொதுச் சொத்து. 2016இல் தென் கொரியாவிலிருந்து ராணி பாக்கிற்குக் கொண்டுவரப்பட்ட எட்டு ஹம்போல்ட் பென்குயின்களில் ஒன்று சில மாதங்களில் இறந்தபோது, நகரெங்கும் கேள்விகள் எழுந்தன. வரி செலுத்துவோர் என்ற முறையில் அவ்வாறு கேட்கும் உரிமை மக்களுக்கு இருந்தது.

விலங்குகளை வைத்திருப்பவர் ஒரு தனி மனிதராகவோ, அறக்கட்டளையாகவோ, தொழில் நிறுவனமாகவோ இருந்தால் யார் கேட்பது? யாரைக் கேட்பது? மிருகக்காட்சி சாலை என்றாலே அரசினுடையது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. தனியாரும் மிருகக்காட்சி சாலை நடத்துவதற்கு நம் நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதற்குரிய நிபந்தனைகளையும் விதித்திருக்கிறது.

செல்வரின் விருப்பம்

இந்தியாவில் இது புதிய செய்தியும் அன்று. கல்கத்தாவில் ராஜா ராஜேந்திர மல்லிக் தம் மார்பிள் அரண்மனை வளாகத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்தார். அயோத்தி அரசை இழந்து அதே நகரின் மட்டியாபுருஜ் பகுதியில் குடியேறிய நவாப் வாஜித் அலி ஷா தமக்கெனப் பெரியதொரு காட்சிசாலையை ஏற்படுத்தினார். 1887இல் அவர் மறைந்தபின் அது கலைக்கப்பட்டது. மைசூரில் 1892இல் மகாராஜா சாமராஜேந்திர உடையார் தொடங்கிய காட்சிசாலையோ பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்து இன்றும் நிலைத்திருக்கிறது. இரண்டும் செல்வரின் விருப்பத்தில் பிறந்தவையே. ஒன்றுக்கு அடுத்த பொறுப்பாளர் வாய்த்தார்; மற்றொன்றுக்கு வாய்க்கவில்லை. தனியார் காட்சிசாலை பற்றிய விவாதம் முழுவதற்கும் இந்த வேறுபாடே அடிப்படை எனலாம்.

சஃபாரி என்னும் முறையும் தனியார் தந்ததே. 1966இல் இங்கிலாந்தில் பாத் பிரபுவின் லாங்லீட் பண்ணையில், சர்க்கஸ் தொழிலில் புகழ்பெற்ற ஜிம்மி சிப்பர்ஃபீல்டு சிங்கங்களைத் திறந்த வெளியில் விட்டு, மனிதர்களை மூடிய காருக்குள் அமர்த்தினார். கூண்டு இடம் மாறியது, அவ்வளவே! பரம்பரைப் பெருமனைகளைப் பராமரிக்க வருவாய் தேவைப்பட்ட காலம் அது. ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் 1974இல் சிங்க சஃபாரி தொடங்கப்பட்டபோது, அம்முறை நம் நாட்டில் அரசுப் பூங்காவின் ஓர் அங்கமாக வந்து சேர்ந்தது.

சட்டம் வந்த கதை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிருகக்காட்சி சாலைகளுக்கென முதலில் தனி அத்தியாயம் இல்லை. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அதைச் சேர்த்தது. அதன்படி 1992இல் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் அமைந்தது. ஆணையத்தின் அங்கீகாரமின்றி எந்தக் காட்சிசாலையும் இயங்கலாகாது. உரிமையாளர் அரசா தனியாரா என்ற வேற்றுமையைச் சட்டம் பார்ப்பதில்லை. பின்னர் வந்த திருத்தத்தின்படி, புதிய காட்சிசாலை தொடங்குவதற்கே முன் அனுமதி வேண்டும். அங்கீகாரம் பெற்ற காட்சிசாலைகளுக்கிடையே மட்டுமே விலங்குகள் கைமாறலாம். 2022இல் நிறைவேறிய திருத்தம், பார்வையாளர் நுழையாத மீட்பு மையங்களையும் இனப்பெருக்க மையங்களையும் இச்சட்ட வரையறைக்குள் கொண்டுவந்தது.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்போர் சர்க்கஸ் விலங்குகளின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டுவதை அரசு தடை செய்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நிலைநாட்டியது. விலங்குகள் பறிக்கப்பட்டன, ஆனால் அவற்றைக் காட்டில் விட இயலாது. வேட்டையாடத் தெரியாதவை, மனிதனைக் கண்டு அஞ்சாதவை. சிங்கங்களில் பல ஆப்பிரிக்க இனமும் ஆசிய இனமும் கலந்து பிறந்தவை. வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னர்கட்டா போன்ற இடங்களில் மீட்பு மையங்களை அமைத்து, இனப்பெருக்கம் செய்யவிடாமல், அவை இயற்கையாக இறக்கும்வரை உணவளிக்க வேண்டியதாயிற்று. வருவாய் தனியாருக்கு, இறுதிக்காலச் செலவு பொதுமக்களுக்கு என்பதே அதன் சுருக்கம்.

வடநெம்மேலி தரும் பாடம்

தனியார் முயற்சியின் சிறப்பையும் சிக்கலையும் ஒருசேரக் காண விரும்புவோர் சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணைக்குச் செல்லலாம். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் சாய் விட்டேகரும் நண்பர்களுடன் சேர்ந்து 1976இல் இதை உருவாக்கினர். அறக்கட்டளை ஒன்றின் நிர்வாகத்தில், ஆணையத்தின் அங்கீகாரத்துடன் இது நடைபெறுகிறது.

தோலுக்காகக் கொல்லப்பட்டு, ஆறுகளிலும் ஏரிகளிலும் முதலைகள் அருகிவிட்ட காலம் அது. மைய அரசும் 1975இல் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பாகப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை ஓரளவு வளர்த்தபின் நீர்நிலைகளில் விடுவது அத்திட்டத்தின் வழி. அப்பணியில் வடநெம்மேலியும் பங்கேற்றது. இங்கு வளர்ந்த முதலைகள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அறிவியலுக்கும் பயன் விளைந்தது. சதுப்புநில முதலையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே முடிவு செய்கிறது என்பது பற்றி விரிவான ஆய்வுகள் இங்கு நடந்தன. போதிய உணவும் வெயிலும் கிடைத்தால் ஒரே பெண் முதலை ஓராண்டில் இருமுறை முட்டையிடும் என்பதும் இங்கே பதிவாயிற்று. பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்த இருளர்கள், அத்தொழில் சட்டத்தால் நின்றபின், 1978இல் அமைத்துக்கொண்ட கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சு எடுக்கும் பணியை இந்த வளாகத்திலேயே நடத்தி வருகிறது.

ஆனால் வெற்றியே சுமையாக மாறியது. ஆண்டுக்கு இருமுறை இருபது, முப்பது முட்டைகள் என்று பெருகிய முதலைகள் விரைவில் ஆயிரக்கணக்கில் ஆயின. விடுவிப்பதற்கு நீர்நிலை எங்கே? குளத்தங்கரையில் துணி துவைப்போரும் மாடு குளிப்பாட்டுவோரும் இருக்கும் நாட்டில், பாதுகாப்பான இடங்கள் சிறிது காலத்திலேயே தீர்ந்துவிட்டன. பிற நாடுகளைப் போல் பண்ணையில் வளர்ந்த முதலையின் தோலை விற்று, அவ்வருவாயில் பாதுகாப்பை நடத்தலாம் என்ற யோசனையும் எழுந்தது. இந்தியச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. முட்டைகளை அகற்றிப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதே வழியாயிற்று. ஆயினும் முன்பே பிறந்துவிட்டவை பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை அல்லவா? நுழைவுக் கட்டணத்தைப் பெரிதும் நம்பியிருந்த பண்ணை, 2020இல் கொரோனாப் பரவலால் மூடப்பட்டபோது நன்கொடை கேட்டு மக்களிடம் வர வேண்டியிருந்தது. முதலை குறைந்த உணவில் நிறைவடையும் பிராணி. வாரம் ஒருமுறை இரை கிடைத்தாலும் அதற்குப் போதும். நாள்தோறும் பல கிலோ இறைச்சி வேண்டும் சிங்கங்களை நம்பி ஒருவர் சஃபாரி தொடங்கி, கதவை மூட நேர்ந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஜாம்நகரின் அளவு

நெரிசலைக் குறைக்க 1,000 சதுப்புநில முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப ஆணையத்தின் ஒப்புதல் பெறப்பட்டது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவை சென்ற இடம், ரிலையன்ஸ் குழுமத்தின் ஆதரவில் அதன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தை ஒட்டி இயங்கும் விலங்கு மீட்பு மையம். வன்தாரா என்று அறியப்படும் அமைப்பின் ஒரு பகுதி அது. ஆக, ஒரு தனியார் காட்சிசாலையின் மிகுதியை மற்றொரு தனியார் மையம் ஏற்றுக்கொண்டது.

2025 மார்ச்சில் பிரதமர் தொடங்கிவைத்த வன்தாரா, பரப்பிலும் மருத்துவ வசதியிலும் நாட்டின் பெரும்பாலான அரசுப் பூங்காக்கள் எட்ட முடியாத அளவில் அமைந்தது. அதே ஆண்டில் அது பெரும் விவாதத்திற்கும் உள்ளாயிற்று. கோலாப்பூர் மாவட்டத்தின் நாந்தணி சமண மடத்தில் இருந்த மாதுரி என்னும் யானையை அங்கு அனுப்ப மும்பை உயர் நீதிமன்றம் ஜூலையில் ஆணையிட்டபோது, மக்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். விலங்குகள் பெறப்பட்ட விதம் குறித்த புகார்களை ஆராய, முன்னாள் நீதிபதி ஜே. செலமேஸ்வர் தலைமையில் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. சட்ட மீறல் இல்லை என்ற அதன் அறிக்கையைச் செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் செயலகமும் தன் குழுவை அனுப்பிப் பார்வையிட்டது. பராமரிப்பு வசதிகளைப் பாராட்டிய அச்செயலகம், இறக்குமதியாகும் விலங்குகளின் பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் முறையை இந்தியா வலுப்படுத்த வேண்டும் என்று கருத்துத் தெரிவித்தது.

இவற்றில் நிர்வாகத் துறையினர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. விசாரணைகள் பெரும்பாலும், விலங்கு எவ்வாறு வந்தது, நன்கு பேணப்படுகிறதா என்ற இரு கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன. மூன்றாவது கேள்வி, இதை எத்தனை ஆண்டு, யார் பணத்தில் என்பது. ஆசிய யானை அறுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஒரு நிறுவனத்தின் நிதிநிலையும், ஓர் உரிமையாளரின் ஆர்வமும், அவருடைய வாரிசின் ஆர்வமும் அவ்வளவு காலம் மாறாதிருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. அங்கீகாரம் கோரும் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் கூண்டின் அளவையும் அகழியின் ஆழத்தையும் அளக்கும்போதே, திரும்பப் பெற முடியாத பராமரிப்பு நிதி ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறதா, இனப்பெருக்கத்திற்கு வரம்பு உண்டா, காட்சிசாலை மூடப்பட்டால் விலங்குகளை ஏற்க எந்தப் பூங்கா எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளது என்பனவற்றையும் கேட்டறிவது நன்று.