உள்ளூர் நூடில்ஸ், கப்பலில் வந்த கோதுமை

தகாமட்சு நகரில் நான் நுழைந்த உடோன் கடையில் பரிமாறுபவர் எவரும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அளவைச் சொன்னால் கிண்ணத்தில் நூடில்ஸ் தருவார்கள். அதைக் கம்பிவலைக் கரண்டியில் இட்டு, கொதிநீரில் சில விநாடிகள் அமிழ்த்தி, மேலே சாறு ஊற்றுவது நம்முடைய வேலை. நான் எவ்வளவு நேரமென்று தெரியாமல் விழிக்க, பின்னால் நின்ற முதியவர் கரண்டியை வாங்கி, நீரை உதறிக் கிண்ணத்தில் போட்டுத் தந்தார்.

தகாமட்சு, ஜப்பானின் மிகச்சிறிய மாகாணமான ககாவாவின் தலைநகர். அம்மாகாணத்தின் பழைய பெயர் சனுகி. மழை குறைந்த பூமி என்பதால், நெல் அறுத்த வயலில் குளிர்காலப் பயிராகக் கோதுமை விதைத்தார்கள். உடோன் இங்கே வேரூன்றியது அப்படித்தான்.

சேர்மானம் கோதுமை மா, உப்பு, தண்ணீர் மட்டுமே. கோடையில் ஒரு பங்கு உப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், கடுங்குளிரில் ஆறு பங்கு என்பது பழைய கணக்கு. வெக்கையில் குழைத்த மா இளகிவிடும். உப்பு அதை இறுக்கிப் பிடிக்கும். கையால் பிசைந்து மாளாது என்பதால், பொலித்தீனில் சுற்றிக் காலால் மிதிக்கிறார்கள். பிறகு ஆறவிட்டு, உருட்டி, கத்தியால் வெட்டுகிறார்கள். கடிக்கும்போது பல்லுக்குச் சற்று எதிர்த்து நிற்கும் அந்த இழுவைக்கு ‘கொஷி’ என்று பெயர்.

இத்தனை பெருமைக்கும் நடுவே, கோதுமை பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலிருந்தே வருகிறது. 1960களில் உள்நாட்டுச் செய்கை சரிந்தது. பின்னர் மேற்கு அவுஸ்திரேலியாவின் வெண்ணிறக் கோதுமை அந்த இடத்தைப் பிடித்தது. நாக்கும் அதற்கே பழகிவிட்டது. மாகாண அரசு ‘சனுகி நோ யுமே 2000’, அதாவது சனுகியின் கனவு, என்ற சொந்த இனத்தை உருவாக்கியது. அதைத் திருத்திய 2009 இனமும் வந்தது. ஆனாலும் கப்பல் கோதுமையே முன்னிற்கிறது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. நம்முடைய கொத்துரொட்டிக்கான மாவும் கடல் கடந்து வந்த கோதுமைதானே.

சாறுதான் இன்னும் இந்த மண்ணோடு, சரியாகச் சொன்னால் இந்தக் கடலோடு, ஒட்டியிருக்கிறது. இபுகித் தீவுப் பக்கம் பிடித்து அவித்து உலர்த்திய நெத்தலியே அதன் அடிப்படை. சில கடைகளில் நம் மாசிக்கு உறவான கட்சுவோபுஷியும் சேரும். ஆகவே மரக்கறி உண்பவர்கள் கவனம்: கிண்ணத்தில் மீன் துண்டு தெரியாது, சாறு முழுவதும் மீன்தான்.

நான் கடைசி மிடறைக் குடித்து நிமிர்ந்தபோது பிற்பகல் ஒன்றரை மணி. அன்றைய நூடில்ஸ் தீர்ந்துவிட்டதால், கடைக்காரர் வாசல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.