நகம் பதியாததைப் பல்லுக்குக் கொடுக்காதீர்கள்

கெடா தோட்டத்து லயங்களில் நாய்க்கென்று தனிச் சாப்பாடு இருந்ததில்லை. வீட்டார் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் மிஞ்சிய சோறும் கோழி எலும்பும் வாசலில் காத்திருக்கும் நாயின் பங்கு. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறின. திகாம் பத்து, சுங்கை பட்டாணி, பீடோங் பக்கத் தாமான் வீடுகளுக்குள் இப்போது ஷிட்சு, பொமரேனியன், சிவாவா என்று சில கிலோ எடையே உள்ள நாய்கள் வளர்கின்றன. நாய் மாறிவிட்டது, ஆனால் ‘நாய்க்கு எலும்பு’ என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. பல் முளைக்கும் பருவத்தில் இருக்கும் சிறிய நாய்க்கு அந்த எண்ணமே ஆபத்தாக முடியலாம். அந்த வயதில் அதன் வாய் தேடுவது அழுத்தினால் இளகும் ஒன்றை, கல்லைப் போல இறுகியதை அல்ல.

குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் பால்பற்கள் வரத் தொடங்கும். மொத்தம் 28. நான்காவது மாதவாக்கில் அவை ஒவ்வொன்றாக விழ, ஏழு மாதத்திற்குள் 42 நிரந்தரப் பற்கள் இடம் பிடிக்கும். இந்த மாதங்களில் ஈறு அரிக்கும், நோகும். செருப்பு, மேசைக்கால், மின்கம்பி என்று கண்டதை எல்லாம் குட்டி கடிப்பது அதனால்தான், குறும்பினால் அல்ல. நாய்ப் பல்லின் மேற்பூச்சான எனாமல் ஒரு மில்லிமீட்டர் தடிப்புகூட இருக்காது, மனிதப் பல்லில் அது சில இடங்களில் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டும். புதிதாக முளைத்த பல்லின் சுவர் மெல்லியது, உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள கூழ் அகலமானது. அந்தப் பல் உடைந்தால் கிருமி நேராக வேர்வரை இறங்கும்.

கோழி எலும்பு மெல்லியதுதானே, அது எப்படிப் பல்லை உடைக்கும் என்று கேட்கலாம். அதன் ஆபத்து பல்லோடு நிற்பதில்லை. பச்சை எலும்பில் ஈரமும் கொலாஜென் என்னும் புரத இழையும் இருப்பதால் அது ஓரளவு வளைந்து கொடுக்கும். கறியில் வெந்த எலும்பு அந்த வளைவை இழந்து, கடித்ததும் ஊசிபோலச் சிதறும். சிம்பு தொண்டையிலும் குடலிலும் குத்தும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. பொட்டலத்தில் வருகிற பதப்படுத்திய எலும்பும் விலக்கல்ல. அப்படிப்பட்ட எலும்புத் தீனிகள் பற்றி ஏறத்தாழ 68 புகார்கள் வந்ததாகவும், அவற்றில் 15 நாய்கள்வரை இறந்ததாகவும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது.

“எங்கள் தாத்தா காலத்து நாய்கள் எலும்பு தின்றுதானே வாழ்ந்தன?” என்பது நியாயமான கேள்வி. ஆனால் நம் நினைவில் நிற்பவை பிழைத்த நாய்கள். சாப்பிடாமல் சுருண்டு செத்த நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தவர் யார்? மேலும் அவை பதினைந்து கிலோ நாட்டு நாய்கள். அவற்றின் வாய்க்கு ஒரு துண்டாக இருந்தது சிவாவாவின் தொண்டைக்கு அடைப்பாகிவிடும். ஓநாய் பச்சை எலும்பு தின்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான்: பல் உடைந்த ஓநாய் நம் கண்ணில் படுவதில்லை. பச்சை எலும்பு அதிகம் சிதறாது, உண்மை. ஆனால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். குட்டியின் வாயிலிருந்து அவை தரைக்கும், தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் போகும். வளையமாக வெட்டிய தொடை எலும்பு கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

கடையில் தொங்குவதெல்லாம் பாதுகாப்பானது என்றும் நினைக்க வேண்டாம். மாட்டுத்தோலில் செய்த முடிச்சு எலும்பு ஊறி, வழுவழுப்பாகி, துண்டாக விழுங்கப்பட்டு வயிற்றில் உப்பும். மான்கொம்பு, மாட்டுக்குளம்பு, இறுகிய நைலான் ஆகியவை பல்லை உடைக்கும் அளவுக்குக் கடினமானவை. ‘இயற்கையானது’ என்ற சொல் பொட்டலத்தில் இருந்தாலும் கொம்பு கொம்புதான். கால்நடைப் பல் மருத்துவர்கள் சொல்லும் சோதனை எளிது: கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகத்தின் தடம் பதியாவிட்டால் அது பல்லுக்கு ஆகாது. அடுத்தது அளவு. முழுதாக வாய்க்குள் போகக்கூடியதைக் கொடுக்காதீர்கள். கடித்துக் கடித்துச் சிறுத்ததும் பிடுங்கிவிடுங்கள்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? பழைய துணியை நனைத்து முறுக்கி, குளிரவைத்துக் கொடுத்தால் ஈறு ஆறும். நூல் பிரியத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். வாய்க்குள் அடங்காத குளிர்ந்த கேரட்டை, பக்கத்தில் இருந்துகொண்டு கொடுக்கலாம். எல்லாவற்றிலும் பொருத்தமானது குட்டிகளுக்கென்று செய்த மென்மையான ரப்பர் பொம்மை. உள்ளே மசித்த பூசணியை அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். கந்தகம் சேர்த்துப் பதமாக்கிய இயற்கை ரப்பர் அழுத்தினால் அமுங்கும், விட்டால் பழைய உருவுக்குத் திரும்பும். கடிக்கும் வாய்க்கு வேண்டிய குணம் அதுவே. தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் பால்மரம் வெட்டிய மாநிலத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பால் சேர்க்கும் மங்கில் உறைந்த ரப்பர் பாலும் பழைய டயர்த் துண்டும் பொம்மை ஆகா. முதலாவதில் அமிலம், இரண்டாவதில் கம்பி.

“இத்தனை கவலை எதற்கு, எதையுமே கொடுக்காமல் விட்டால் என்ன?” என்பது கடைசி மறுப்பு. கொடுக்காவிட்டால் குட்டி தானே தேடிக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் அது எலிக்கு வைத்த விஷக்கட்டியாகவும் இருக்கலாம், அதிலுள்ள மருந்து இரத்தத்தை உறையவிடாது. வலிக்கிறதே என்று நம் பாரசிட்டமோலையோ குழந்தைகளின் ஈறு மருந்தையோ கொடுப்பதும் நஞ்சு. திரும்பத் திரும்ப ஓங்கரித்தாலோ, வாந்தியெடுத்தாலோ, மலம் கழிக்க முடியாமல் முக்கினாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஏழு மாதமாகியும் பால்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால், அதையும் அவரிடம் காட்டுங்கள். சிறிய இனங்களில் இது அடிக்கடி நேர்வது. பல் முளைக்கும் இந்த மாதங்களில் வாய்க்குள் என்ன போகிறது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும், குட்டியிடம் விட்டுவிடக் கூடாது. அதற்குத் தேவையான கருவி விரல் நுனியிலேயே இருக்கிறது.