10 வருஷம் தாங்கும்னு சொன்ன போட்டோ ஏன் ஆரஞ்சு ஆச்சு?

இன்னைக்கு எபிசோடு, வீட்டுல நாம பிரின்ட் போடுற போட்டோக்களைப் பத்தி. இங்க்ஜெட் பிரின்டர், பளபளன்னு போட்டோ பேப்பர். எடுத்த அன்னைக்கு ஸ்டுடியோ பிரின்ட் மாதிரியே இருக்கும். சில மாசம் கழிச்சுப் பார்த்தா எல்லார் முகமும் ஆரஞ்சு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா, "வெயில் பட்டிருக்கும் சார்"னு சொல்லுவாங்க. வெயிலே படாத சுவர்ல இருந்த படத்துக்கும் அதே பதில்தான். அப்போ இது யாரோட பொறுப்பு?

இதைப் புரிஞ்சுக்க ஒரு பழைய கேஸ் இருக்கு.

2000-ல நடந்தது

2000-ஆம் வருஷம் எப்சன் கம்பெனி ஸ்டைலஸ் போட்டோ 870, 1270னு ரெண்டு பிரின்டர்களைக் கொண்டு வந்தது. பிரின்ட் சுமார் 10 வருஷம் நிறம் மாறாம இருக்கும்ங்கிறதுதான் விளம்பரத்தோட முக்கியமான பாயின்ட். அமெரிக்காவுல போட்டோகிராஃபர்கள் ஆசையா வாங்கினாங்க. கொஞ்ச நாள்லயே புகார் கிளம்பிடுச்சு. சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில நாள்லயே படம் ஆரஞ்சு ஆச்சு. பக்கத்து ஊர்ல இருக்கிறவருக்கு ஒண்ணும் ஆகலை. முக்கியமா மாட்டினது, அதே கம்பெனியோட பிரீமியம் கிளாஸி பேப்பர்.

காரணம் வெளிச்சம் இல்லை, காத்து. காத்துல இருக்கிற ஓசோன்.

இந்த வகை போட்டோ பேப்பர் மேல கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கு. மை உள்ள இறங்கி உடனே காய்ஞ்சிடும், கையில ஒட்டாது. ஆனா மை போன அதே வழியில காத்தும் போகும். டை இங்க்ல சயான், அதாவது நீல நிறச் சாயம், ஓசோன் பட்டா உடைஞ்சு போயிடும். சயான் போயிட்டா மிச்சம் இருக்கிறது மஞ்சளும் மெஜந்தாவும். ரெண்டும் சேர்ந்தா? ஆரஞ்சு!

எங்க வீட்டுலயும் பார்த்திருக்கேன். ஒரே நாள்ல பிரின்ட் எடுத்த ரெண்டு படம். கண்ணாடி ஃபிரேம்ல இருந்தது அப்படியே இருக்கு. ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் வெச்சு ஒட்டினதுல பாட்டி ஆரஞ்சு கலர்ல சிரிக்கிறாங்க. மை, பேப்பர், பிரின்டர் எல்லாம் ஒண்ணுதான். காத்து பட்டதுதான் வித்தியாசம்.

அந்த 10 வருஷம் எங்கிருந்து வந்தது?

நம்ம ஐடி மக்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா, டெஸ்ட்ல பாஸ், புரொடக்ஷன்ல ஃபெயில்.

10 வருஷம் காத்திருந்து யாரும் டெஸ்ட் பண்ண முடியாது. அதனால ரொம்ப பலமான விளக்கு வெளிச்சத்துல படத்தை வெச்சு, கொஞ்ச காலத்துல எவ்வளவு மங்குதுன்னு அளந்து, வருஷக் கணக்கா மாத்துறாங்க. அதுவும் கண்ணாடிக்குப் பின்னாடி வெச்ச படத்துக்கு. அந்த டெஸ்ட்ல ஓசோனே கிடையாது.

இதுல இன்னொரு விஷயம். அமெரிக்காவுல இந்த டெஸ்டுக்குப் பேர் போன வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச், படம் மேல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் படும்னு வெச்சுக் கணக்குப் போடுவாங்க. கோடக் தன் பேப்பருக்கு 120 லக்ஸ்னு வெச்சுது. 450 லக்ஸ்ல 20 வருஷம்னு வர்ற படம், 120 லக்ஸ் கணக்குல 75 வருஷம் ஆகிடும். படம் அதேதான், எண்தான் வேற. பெட்டியில நாம பார்க்கிறது அந்த எண்ணை மட்டும்.

பொறுப்பு யாருக்கு?

"வேற கம்பெனி இங்க் ஊத்தினீங்களா?"ன்னு கேக்கிறது வழக்கம். 2000 கேஸ்ல அதுக்கு இடமே இல்லை. பிரின்டர், மை, பேப்பர் மூணும் ஒரே கம்பெனி. மூணையும் சேர்த்துப் பயன்படுத்துங்கன்னு சொன்னதும் அவங்கதான். கடைசியில அந்த பிரின்டர்களை வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர எப்சன் முன்வந்தது. அப்புறம் ஓசோனுக்குன்னு தனியா ஐஎஸ்ஓ 18941னு ஒரு சோதனை முறையே வந்துச்சு.

சின்ன எழுத்துல "இது உத்தரவாதம் இல்லை"ன்னு போட்டிருப்பாங்க. என் கருத்து நேரடியானது. பெட்டி முன்னாடி பெரிய எழுத்துல போட்டு விக்க உதவின எண், பிரச்சினை வந்ததும் வெறும் மதிப்பீடா மாறக்கூடாது. வீட்டுல எல்லாரும் காத்தைத்தான் சுவாசிக்கிறோம். படத்துக்குக் காத்து படும்ங்கிறது அபூர்வமான சூழ்நிலை இல்லையே!

நம்ம நாட்டுச் சட்டமும் இதைப் பேசுது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ன்படி, ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும்னு சரியான சோதனை இல்லாம உத்தரவாதம் கொடுத்தா அது முறையற்ற வணிக நடைமுறை. சோதனை சரியாத்தான் செஞ்சோம்னு நிரூபிக்க வேண்டியது கம்பெனி. நீங்க லேப் வெச்சு நிரூபிக்க வேண்டாம்.

நாம என்ன செய்யலாம்?

வாங்கும்போது டை இங்க்கா, பிக்மென்ட் இங்க்கான்னு கேளுங்க. பிக்மென்ட் ஓசோனை நல்லாத் தாங்கும். இப்போ வர்ற பல இங்க் டேங்க் மாடல்கள்ல கறுப்பு மட்டும் பிக்மென்ட், கலர் எல்லாம் டை. வருஷக் கணக்கு போட்டிருந்தா, எந்த பேப்பர்ல, கண்ணாடி போட்டா போடாமலான்னு பாருங்க. பிரின்டை நல்லாக் காய விட்டு, ஃபிரேம்லயோ ஆல்பத்துலயோ வைங்க.

பில்லையும் அந்த வாசகம் இருக்கிற பெட்டி அட்டையையும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. புகாரைப் போன்ல மட்டும் சொல்லாம மெயில்லயும் அனுப்புங்க. பதில் இல்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆணையத்துக்குப் போறதா இருந்தா, பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மாவட்ட ஆணையத்துல கட்டணம் கிடையாது.

போன்ல ஒரிஜினல் ஃபைல் இருக்கிறவங்க திரும்ப பிரின்ட் போட்டுக்கலாம். ஃபைல் தொலைஞ்சு, அந்த ஒரு பிரின்ட் மட்டுமே மிச்சம்னு இருக்கிற வீடுகளும் உண்டு. அப்படி ஒண்ணு உங்ககிட்ட இருந்தா, ஆரஞ்சு ஆகறதுக்கு முன்னாடி இன்னைக்கே ஸ்கேன் பண்ணிடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.