சிற்றூர் விடுதியின் ஒயின் அட்டை

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சிறு விடுதிகள் பல உண்டு. பழைய கல் வீடு, கணப்பு, மேசைக்கொரு மெழுகுவத்தி. புதிதாய் மணந்தவர்கள் தேடி வரும் இடங்கள். நமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஆராய்ச்சிக்காக டிஜோன் நகரம் சென்றுள்ள எங்கள் துறை அண்ணன் ஒருவரை அவருடைய ஆய்வுக்கூடத்தார் அத்தகைய விடுதிக்கு விருந்துண்ண அழைத்துள்ளனர். செலவு அவரவர் பங்கு. அவரிடமோ உதவித் தொகை மட்டுமே உண்டு. ஒயின் அட்டையைப் படமெடுத்து அனுப்பி, "நொதித்தலைப் படிப்பவன் நீதானே, பொருள் சொல்லப்பா" என்றார். நான் குடிப்பவன் அல்லன், ஈஸ்டு வளர்ப்பவன். ஆயினும் அவருக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். நாளை நம்மில் வேறொருவரும் அம்மேசையில் அமர நேரலாம்.

(தேறல் என்னும் அழகிய சொல் நம்மிடம் உண்டு. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறே பேசுகிறது. எனினும் வழக்கு நோக்கி ஒயின் என்றே எழுதுகிறேன்.)

அட்டையைத் திறந்தால் ஊர்ப் பெயர்களே கண்ணிற்படும். திராட்சையின் பெயர் பெரும்பாலும் இராது. பர்கண்டியில் சிவப்பு ஒயின் என்றால் ஏறத்தாழ எல்லாம் பீனோ நுவார் என்னும் திராட்சை. வெள்ளை என்றால் பெரும்பாலும் ஷார்தொனே. மணப்பாறை முறுக்கு என்றபின் என்ன மாவு என்று நாம் கேட்கிறோமா? அதுபோலத்தான். இன்ன பெயரை இன்ன நிலத்து ஒயினுக்கே இடலாம் என்று வரையறுக்கும் முறை 1935-இல் சட்டமாயிற்று. அதன்படி நான்கு படிகள்: பகுதியின் பெயர் மட்டும் தாங்கியவை, ஊர்ப் பெயர் தாங்கியவை, அவ்வூரில் 'பிரமியே குரு' எனப்படும் தேர்ந்த நிலங்கள், உச்சியில் 'கிராண்ட் குரு'.

புதியவர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. 'ஷாம்பர்த்தான்' என்பது புகழ்பெற்ற ஒரு தோட்டம், கிராண்ட் குரு. அது அமைந்த ஊரின் பழைய பெயர் வெறும் ஜெவ்ரே. தோட்டத்தின் புகழில் பங்கு கொள்ள விரும்பிய ஊரார் 1847-இல் ஊர்ப் பெயரையே 'ஜெவ்ரே-ஷாம்பர்த்தான்' என்று நீட்டிக்கொண்டனர்! ஆகவே அட்டையில் நீண்ட பெயர் இருந்தால் அது ஊர் ஒயின். குறுகிய பெயரே அரிய சரக்கு, விலையும் பல மடங்கு. நம் வழக்கப்படி பெயர் நீண்டால் பெருமை மிகுதி என்று எண்ணினால் கணக்குத் தலைகீழாகும்.

சில அடி தள்ளினால் விலை மாறுவது ஏன்? கிராண்ட் குரு நிலங்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கிய சரிவின் நடுப்பகுதியில் உள்ளன. சுண்ணாம்புக்கல் கலந்த மண். நீர் தேங்காது வடியும். காலை வெயில் படும். இது விளங்குகிறது. ஆனால் பெயர் ஒன்றே போதாது. குளோ த வூழோ என்னும் தோட்டம் முன்பு துறவியர் மடத்தின் சொத்து. பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலாகி, பின்னர் விற்பனையாலும் பாகப்பிரிவினையாலும் துண்டுபட்டு, ஏறத்தாழ 50 ஹெக்டேர் நிலம் இன்று 80 பேர் அளவில் கையில் இருக்கிறது. எல்லாரும் ஒரே பெயரை ஒட்டுகின்றனர். எனவே ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள உற்பத்தியாளர் பெயரையும் பார்த்தல் வேண்டும்.

விலைக்கேற்ற சுவை உண்டா? 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ நகரில் ஒயின் இயல் பயிலும் மாணவர் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து தந்தனர். அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். சுவையெல்லாம் பொய் என்று இதற்குப் பொருளன்று. மூக்குக்குக் கண் கட்டளையிடுகிறது, அவ்வளவே. மெழுகுவத்தியும் கல் சுவரும் அவ்வாறே கட்டளையிடும் என்பது என் எண்ணம். ஆகையால் அண்ணனுக்கு நான் சொன்னது: புட்டி வேண்டா, கோப்பைக் கணக்கில் விற்கும் ஊர் ஒயினே போதும்.

புட்டி வாங்குவோர்க்கு ஒரு சடங்கு நடக்கும். பரிமாறுபவர் சிறிது ஊற்றிக் காத்து நிற்பார். பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கெட்டிருக்கிறதா என்றே கேட்கிறார். தக்கையில் சில பூஞ்சைகள் டிரைகுளோரோஅனிசோல் என்னும் பொருளை உண்டாக்கும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஈரமான பழைய அட்டைப் பெட்டியின் நாற்றம் வரும். அந்நாற்றம் இருந்தால் திருப்பித் தரலாம், மாற்றித் தருவர். நாவைப் பிடிக்கும் துவர்ப்பு வேறு. அது தோலிலும் விதையிலும் உள்ள டானின், உமிழ்நீரின் புரதத்தோடு கூடுவதால் வருவது. பாக்கு மென்றவர்க்குப் புதிதன்று. அதற்காகப் புட்டியைத் திருப்பினால் சிரிப்பர்.

குடிக்காதவர் 'காராஃப் தோ' என்று கேட்டால் குடுவையில் நீர் வரும். உணவோடு குழாய் நீரைக் காசின்றித் தரவேண்டும் என்பது அந்நாட்டு விதி.