மாளிகையும் காணியும்



நம் வானொலி நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், சாந்தோம் தேவாலயத்தின் வெண்ணிறக் கோபுரம் கண்ணிற்படும். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் நின்ற இடத்தில், 1896இல் கட்டி முடிக்கப்பெற்ற ஆலயம் அது. இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமா அங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. அம்மரபில் வரலாறு எவ்வளவு என்பது பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. அதற்குள் நான் புகப்போவதில்லை. தோமாவைப் பற்றிய ஒரு பழங்கதையே இன்று எனக்கு வேண்டுவது.

கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் சிரிய மொழியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ என்னும் நூலில் அக்கதை வருகிறது. கொந்தோபரஸ் என்ற இந்திய மன்னன், தச்சுவேலை அறிந்த தோமாவிடம் பெரும்பொருள் கொடுத்து ஓர் அரண்மனை கட்டச் சொன்னான். இப்பெயருடைய மன்னன் ஒருவன் வடமேற்கு இந்தியாவில் ஆண்டதற்கு நாணயங்கள் சான்று கூறுகின்றன. தோமா அப்பொருள் முழுவதையும் ஏழைகளுக்கு வாரி வழங்கிவிட்டார். “அரண்மனை எங்கே?” என்று மன்னன் கேட்டபோது, “அதனை இப்போது காண முடியாது, இறந்தபின்பே காண்பாய்” என்றார். சிறைதான் கிடைத்தது. பின்னர் மன்னனின் தம்பி இறந்து, விண்ணுலகில் அம்மாளிகையைக் கண்டு, உயிர்த்து வந்து சாட்சி சொன்ன பிறகே தோமா விடுதலை பெற்றார்.

இளமையில் எனக்கு இக்கதை மிகவும் பிடித்திருந்தது. மயிலாப்பூர்த் தெருக்களில் கைநீட்டியவர்களுக்குச் சில்லறை போட்டுவிட்டு, விண்ணுலகில் எனக்கும் ஒரு செங்கல் சேர்ந்தது என்று மகிழ்ந்ததும் உண்டு. பிறகு ஓர் ஐயம் பிறந்தது. மன்னன் கொடுத்த பொருள் தீர்ந்த மறுநாள் அந்த ஏழைகள் என்ன செய்தார்கள்? அவர்கள் ஏன் ஏழைகளாய் இருந்தார்கள்? கதை இவ்வினாக்களை எழுப்பவில்லை.

விவிலியத்தின் பழைய ஏற்பாடோ எழுப்புகிறது. வயலின் ஓரங்களை அறுக்காமல் எளியவர்க்கு விட்டுவிட வேண்டும் என்பது அதில் ஒரு சட்டம். ஐம்பதாம் ஆண்டில், விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்திற்கே திரும்ப வேண்டும் என்பது மற்றொரு சட்டம். வறுமைக்கும் நிலத்திற்கும் உள்ள தொடர்பை அச்சட்டங்களை இயற்றியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். எபிரேய மொழியில் ‘செதாக்கா’ என்ற ஒரே சொல், முதலில் நீதியையும் பிற்காலத்தில் ஏழைக்கு ஈவதையும் குறித்தது. ஈகை என்பது கொடுப்பவனின் பெருந்தன்மை அன்று, பெறுபவனின் உரிமை என்ற எண்ணம் அச்சொல்லினுள் கிடக்கிறது.

இந்த உரிமை எண்ணம் நம் பக்கத்தில் எப்போது செயலுக்கு வந்தது? அதற்குச் சாந்தோமிலிருந்து அடையாற்றின் கரையில் இருக்கும் சைதாப்பேட்டைக்கு வாருங்கள். தோமா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் சின்னமலை அங்கேதான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமும் சைதாப்பேட்டையே.

அம்மாவட்டத்துக் கிராமங்களில் காணியுரிமை மிராசுதார்களிடம் இருந்தது. சேரியில் வாழ்ந்த உழவன் தரிசு நிலம் வேண்டி மனுக் கொடுத்தால், “முதல் உரிமை எங்களுடையது” என்று மிராசுதார் குறுக்கிடலாம். குடிசை நின்ற மனைகூடப் பலருக்குச் சொந்தமன்று. பண்ணையாரை எதிர்த்தால் அதுவும் போகும். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் பாதிரிமார் பலர் கஞ்சித்தொட்டி நடத்தினார்கள். ஆயினும் கஞ்சி ஊற்றியதோடு பணி முடியவில்லை என்பதைச் சிலர் உணர்ந்தார்கள். செங்கற்பட்டில் ஸ்காட்லாந்துச் சுதந்திரச் சபையின் ஆடம் ஆண்ட்ருவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் சபையின் வில்லியம் கூடியும் நிலத்தையும் மனையையும் பற்றி அரசாங்கத்தை வற்புறுத்தினார்கள். மதமாற்றத்தில் அவர்களுக்கு அக்கறை இல்லாமலில்லை. அதனை மறைப்பது சரியன்று. ஆனால் அவர்கள் கேட்டது ஞானஸ்நானம் பெற்றவர்க்கு மட்டுமான சலுகை அன்று.

1891இல் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமையை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். அதே காலத்தில் அம்மக்களிடையே தோன்றிய இரட்டைமலை சீனிவாசன் சங்கம் கண்டார். 1893இல் ‘பறையன்’ என்ற இதழையும் தொடங்கினார். இதனை நான் வேண்டுமென்றே சொல்லுகிறேன். பாதிரிமாரின் கருணையை மட்டும் பேசி, தம் உரிமையைத் தாமே கேட்டவர்களை மறந்துவிடுவது நம் வரலாற்று நூல்களின் பழைய குறை.

1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை வந்தது. டிரெமென்ஹீர் கேட்டவற்றுள் ஒரு பகுதியே நிறைவேறிற்று. எனினும் தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அளிக்க அது வழி திறந்தது. பிற்காலத்தில் ‘பஞ்சமி நிலம்’ என்று பெயர் பெற்றவை இவையே. இவற்றைப் பத்து ஆண்டுகள் வரை விற்கலாகாது. அதன்பின் விற்றாலும் அதே வகுப்பினருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. ஐம்பதாம் ஆண்டின் பழைய சட்டம் இதனைப் படிக்குந்தோறும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நிபந்தனை ஏட்டில் நின்றது; நிலமோ பெரும்பாலும் கைமாறிப்போயிற்று. கடனுக்கும் மிரட்டலுக்கும் போனவை பல. அவற்றை மீட்கச் செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் நீத்தார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களுக்கு நினைவஞ்சலி செலுத்துகிறார்கள்.

கிறிஸ்தவ சபைகளும் இக்கேள்விக்குத் தப்பவில்லை. சாதிக்கொரு கல்லறை என்று பிரித்த சுவர்கள் தமிழ்நாட்டின் சில ஊர்களில் எழுந்தன. ஏழைக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டிய சபைகளுக்குள்ளேயே அச்சுவர்களும் இருந்தன.

உங்களுள் பலர் விடுமுறைக்குக் கிராமங்களுக்குச் செல்வீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ பதிவேடு’ என்று ஒரு நிலக்கணக்கு இருக்கும். ஆதி திராவிடருக்கு நிபந்தனையுடன் அளித்த நிலம் என்ற குறிப்பு அதில் எந்தெந்தச் சர்வே எண்ணுக்கு நேரே இருக்கிறது, அந்நிலத்தில் இன்று உழுபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.