பழைய இருப்புப்பாதையில் ஓர் எளிய நாள்

நெடுந்தொலைவு நடப்பவர்கள் எல்லா நாளும் ஒரே அளவாக நடப்பதில்லை. ஒரு நாள் மிகுதியாக நடந்தால், மறுநாள் குறைத்துக்கொள்வர். தசைகளின் அயர்வு நீங்கவும், காலில் எழுந்த கொப்புளம் ஆறவும் அந்த எளிய நாள் உதவுகிறது. பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களும் வழியில் தங்கித் தங்கியே செல்கின்றனர்.

சிங்கப்பூரில் அவ்வாறு நடப்பதற்கேற்ற வழி ஒன்று உண்டு. வடக்கே உட்லண்ட்ஸையும் தெற்கே தஞ்சோங் பகாரையும் இணைத்த பழைய புகைவண்டித் தடமே அது. நீளம் 24 கிலோமீட்டர். ஆசிரியர், மாணவர், பெற்றோர் எனச் சிலர் சேர்ந்து அதனை மூன்று நாள் நடையாகப் பிரித்துக்கொண்டோம். முதல் நாள் வடபகுதியில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்ததில், அடுத்த நாள் படியேறவே பலருக்கும் தயக்கமாக இருந்தது. ஆகவே இரண்டாம் நாளுக்கு ஹில்வியூ தொடங்கிப் புக்கிட் தீமா நிலையம் வரையிலான நான்கே கிலோமீட்டரை வைத்துக்கொண்டோம். விரைந்து நடந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று.

காலை ஏழு மணிக்குத் தேக்காவில் கூடி, லிட்டில் இந்தியா நிலையத்தில் விரைவு இரயில் ஏறினோம். வண்டி மாறாமலே ஹில்வியூ போய்ச் சேரலாம். வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது இந்நாட்டில் நடப்போர்க்கு முதல் விதி. தண்ணீரும் குடையும் வேண்டும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்தல் கூடாது. கொடுப்பது சட்டப்படி குற்றமுமாகும்.

எங்களுடன் ஒரு மாணவியின் தாத்தாவும் வந்திருந்தார். இளமையில் இருப்புப்பாதையைச் செப்பனிடும் கூட்டத்தில் வேலை செய்தவர். முழங்கால் வலி காரணமாக முதல் நாள் வரவில்லை. அன்றைய நடையின் வேகத்தை அவருடைய கால்களே முடிவு செய்தன. அவர் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைப்பதைப் பார்த்துச் சிறுவர் இருவர் தமக்குள் சிரித்துக்கொண்டனர். அவர் கோபப்படவில்லை. தண்டவாளத்தின் கீழே குறுக்குக் கட்டைகள் நெருங்கிக் கிடக்கும் என்றும், கட்டைக்குக் கட்டை மிதித்தே நாள்தோறும் பாதையைச் சோதித்து வந்ததால் அடி குறுகிப் பழகிவிட்டது என்றும் சொன்னார். பிறகு அச்சிறுவர்களும் அவ்வாறே நடந்து பார்த்தனர். நூறு அடி தாண்டுமுன் தொடை வலிக்கிறது என்று நின்றுவிட்டனர்.

இந்த வழி ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தின் மீது பிடிப்புக் குறைவு. செங்குத்தான மேட்டில் புகைவண்டியால் ஏற இயலாது. ஆகவே மேட்டைக் குடைந்தும், பள்ளத்தில் மண் கொட்டிக் கரை எழுப்பியும் சரிவைக் குறைத்தனர். சிங்கப்பூரிலேயே மிக உயர்ந்த புக்கிட் தீமாக் குன்றின் அடிவாரத்தை நாங்கள் கடந்தோம்; ஆயினும் மூச்சு வாங்கவில்லை. மலாயாவின் இருப்புப்பாதைகளை இட்டவர்களிலும் பேணியவர்களிலும் தமிழர் பெருந்தொகையினர். முழங்கால் வலிக்காரரும் நடக்க முடிகிறதென்றால், அது மண்வெட்டியும் கூடையும் பிடித்த அவர்கள் செய்து வைத்த வசதி.

1903இல் ஓடத் தொடங்கிய முதல் புகைவண்டி இவ்வழியே சென்றதன்று. அது டேங்க் ரோட்டிலிருந்து, தைப்பூசக் காவடிகள் சென்றடையும் கோயிலின் பக்கத்திலிருந்து, புறப்பட்டது. 1932இல் பாதையை மாற்றித் தஞ்சோங் பகாருக்குக் கொண்டு சென்றனர்.

சாலையின் மேலே நிற்கும் இரும்புப் பாலத்தைக் கடந்தோம். அதற்கு அருகிலுள்ள பழைய போர்டு தொழிற்சாலையில்தான் 15.2.1942 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. அதே ஆண்டில் போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, இந்தத் தடத்தின் வழியாகவே சயாமுக்கு அனுப்பினர். பர்மா வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இடும் வேலைக்காக அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரையும் அவ்வேலைக்கே கொண்டுபோயினர். திரும்பி வராதவர் பல்லாயிரவர். தம் உறவிலும் ஒருவர் அப்படிப் போனவர் என்று கூறிய தாத்தா, சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிள்ளைகளும் பேசவில்லை. சிறிது தூரத்தில் யாரோ ஒருத்தி தொட்டாற்சுருங்கிச் செடியைக் கண்டுபிடித்தாள்; மீண்டும் கூச்சல் தொடங்கிற்று.

இரண்டாவது இரும்புப் பாலத்தைத் தாண்டியதும் புக்கிட் தீமா நிலையம் வந்தது. சிறிய செங்கல் கட்டடம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால் என்னாகும்? அதைத் தடுப்பதற்கு இங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. இந்நிலையத்திலும் அடுத்த நிலையத்திலும் மின்கம்பியால் இணைந்த இரு பொறிகள் உண்டு. அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாவியைத்தான் எடுக்க முடியும். அந்தச் சாவி கையில் இருக்கும் ஓட்டுநரே வண்டியைச் செலுத்தலாம். வளையத்தில் கட்டிய பையில் சாவியை இட்டு, ஓடும் வண்டியிலிருக்கும் ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். தாத்தா தம் கையை வளைத்து அதை நடித்தே காட்டினார்.

30.6.2011 அன்று இரவு கடைசி வண்டி சென்றது. ஜொகூர் சுல்தானே அதனை ஓட்டினார். அதன்பின் தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. நிலையத்திலும் பாலங்களிலும் நினைவுக்காக விட்டுவைத்துள்ளனர். மாணவர்கள் அளவு நாடாவை எடுத்துத் தண்டவாளங்களின் இடைவெளியை அளந்தனர். சரியாக ஒரு மீட்டர். நாடாவைப் பார்க்காமலே தாத்தா அதை முன்னரே சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் தென்பகுதி. இருப்புப்பாதைத் தொழிலாளர் குவீன்ஸ்வே அருகே தடத்தின் ஓரத்தில் வழிபட்ட முனீஸ்வரர், இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலில் இருக்கிறார். அதுவரையிலாவது வருகிறேன் என்று கூறித் தாத்தா நிலையத்துப் பலகையில் அமர்ந்து, காலணியைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டார்.